பழைய கன்சோல்களில் வாகனச் சண்டை விளையாட்டு: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

கார்ப் பந்தய விளையாட்டில் கைதேர்ந்த ஒருவர் முதன்முறையாக வாகனச் சண்டை விளையாட்டில் இறங்கினால், பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் அவருடைய வண்டி தீப்பற்றி வெடித்துவிடும். பந்தயத்தில் அவருக்குக் கைகொடுத்த நல்ல பழக்கங்களே இங்கே அவரைக் கவிழ்க்கின்றன. வேகத்தைக் குறைக்காமல் ஓட்டுவது, பாதையை விட்டு விலகாமல் இருப்பது, முன்னால் போகிறவரை முந்தப் பார்ப்பது ஆகிய மூன்றும் பந்தயத்தின் அடிப்படைகள். வாகனச் சண்டையில் பாதை என்று ஒன்று கிடையாது. முந்திச் செல்பவர் தன் முதுகைப் பின்னால் வருபவருக்குக் காட்டுகிறார். வேகத்தைக் குறைக்கத் தெரியாதவருக்கோ குறிவைக்கவே தெரியாது. 1990களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64, டிரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2 ஆகிய கன்சோல்களில், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டு இயந்திரங்களில், செழித்து, பிறகு ஏறக்குறைய வழக்கொழிந்து போன இந்த விளையாட்டு வகை எப்படி இயங்குகிறது, அதை இன்று தொடங்குகிறவர் எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரையறை எளிமையானது. ஒரு மூடிய களம். அதற்குள் ஆயுதம் பூட்டிய சில வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்கும், அடிபட அடிபடக் குறையும் ஓர் உயிர்ப்பட்டை. களமெங்கும் சிதறிக் கிடக்கும் ஏவுகணைகள், கண்ணிவெடிகள், பழுதுபார்ப்புப் பொருள்கள். கடைசிவரை எரியாமல் நிற்கும் வண்டி வென்றது. இறுதிக்கோடு இல்லை, சுற்று எண்ணிக்கை இல்லை, பல ஆட்டங்களில் நேர வரம்பும் இல்லை.

இந்த எண்ணத்தின் வேர்கள் கன்சோல்களைவிடப் பழையவை. 1983இல் பாலி மிட்வே நிறுவனம் வெளியிட்ட ஸ்பை ஹன்டர் என்ற ஆர்கேட் (பொது இடங்களில் காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டில், மேல்நோக்கி நகரும் சாலையில் செல்லும் கார் ஒன்று இயந்திரத் துப்பாக்கியால் சுடும். எண்ணெயையும் புகையையும் பின்னால் கக்கும். வழியில் வரும் லாரிக்குள் ஏறிப் புதிய ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ளும். 1992இல் வந்த சூப்பர் மாரியோ கார்ட்டின் சண்டைப் பிரிவில் இருவர் பந்தயத்தை மறந்து, ஒருவர் வண்டியில் கட்டியிருக்கும் மூன்று பலூன்களை மற்றவர் உடைக்க முயன்றார்கள். எனினும், நாம் இன்று வாகனச் சண்டை என்று அழைக்கும் வடிவத்தை நிலைநிறுத்தியது 1995ஆம் ஆண்டின் இறுதியில் பிளேஸ்டேஷனுக்கு வந்த ட்விஸ்டட் மெட்டல்தான். அதை உருவாக்கிய சிங்கிள்டிராக், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியில் இயங்கிய சிறிய நிறுவனம். விமானிகளுக்கான பயிற்சிப் பாவனைக் கருவிகளுக்குக் கணினி வரைகலை செய்துவந்த எவன்ஸ் அண்ட் சதர்லண்ட் நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்த பொறியாளர்கள் அதைத் தொடங்கினார்கள். முப்பரிமாண வெளியில் ஒரு வாகனம் எப்படி நகர வேண்டும் என்பது அவர்களுக்குப் புதிய பாடமாக இருக்கவில்லை. அந்த அறிவைக் கொண்டுபோய் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டும் கொலைகாரக் கோமாளியிடம் கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

வண்டியின் மூக்குதான் துப்பாக்கியின் முனை

இந்த விளையாட்டு வகையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்ல வேண்டுமென்றால், இதைத்தான் சொல்வேன்: இங்கே குறிவைப்பதற்கென்று தனிக் கருவி இல்லை. நடந்து சென்று சுடும் விளையாட்டுகளில் ஒரு கை நகர்த்தும், மறு கை குறிவைக்கும். முன்னால் ஓடிக்கொண்டே பக்கவாட்டில் சுடலாம். பின்வாங்கிக்கொண்டே முன்னால் இருப்பவரைத் தாக்கலாம். வாகனச் சண்டையில் பெரும்பாலான ஆயுதங்கள் வண்டி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் பாயும். ஆகவே எதிரியைச் சுட வேண்டுமென்றால் எதிரியை நோக்கி ஓட்ட வேண்டும். எதிரியை நோக்கி ஓட்டினால் அவன் சுடும் எல்லைக்குள் நாமே போய் நிற்போம். திரும்பி ஓடினால் உயிர் பிழைக்கலாம், ஆனால் தாக்க முடியாது. தாக்குவதும் தப்புவதும் ஒரே ஸ்டியரிங்கில் இருப்பதால் எழும் இந்த இழுபறிதான் முழு விளையாட்டும். ஆயுதங்கள், வண்டிகள், களங்கள் என்று மற்ற எல்லாமே இந்த இழுபறியைத் தளர்த்துவதற்கோ இறுக்குவதற்கோ அமைந்தவை.

எனவே தொடக்கக்காரர் முதலில் பழக வேண்டியது சுடுவதை அல்ல, திரும்புவதை. ட்விஸ்டட் மெட்டல் வரிசையில் சாதாரணமாக வளைவதற்குத் திசைப் பொத்தானும், இருந்த இடத்திலேயே சட்டென்று வண்டியைச் சுழற்றுவதற்குத் தனியாக ஒரு பொத்தானும் உண்டு. அந்த இரண்டாவது பொத்தானைப் பயன்படுத்தாமல் ஆடுகிறவர், எதிரியைக் கடந்து போன பிறகு பெரிய வட்டமடித்துத் திரும்பி வருவார். அவர் திரும்பி வருவதற்குள் எதிரி இரண்டு ஏவுகணைகளை இறக்கியிருப்பான். பொத்தான் அமைப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்பதால், எந்த ஆட்டத்தை எடுத்தாலும் முதலில் அமைப்புப் பட்டியலைத் திறந்து, கூர்மையாகத் திருப்பும் பொத்தான் எது, பின்னோக்கி ஓட்டும் பொத்தான் எது என்று பார்த்துவிடுவது நல்லது. பின்னோக்கி ஓட்டுவதைப் புதியவர்கள் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. துரத்தி வருகிறவனுக்கு முகம் காட்டியபடியே பின்வாங்குவதுதான், மேலே சொன்ன இழுபறியிலிருந்து விளையாட்டு நமக்கு விட்டுவைத்திருக்கும் ஒரு சந்து.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1994இல் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனின் கண்ட்ரோலரில், எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு திருப்பும் அனலாக் குச்சிகள் இல்லை. குச்சிகளும் அதிர்வும் கொண்ட டுயல்ஷாக் என்ற கண்ட்ரோலர் 1997இன் இறுதியில்தான் வந்தது. ஆகையால் 1995, 1996ஆம் ஆண்டுகளின் ஆட்டங்கள் நான்கு திசைப் பொத்தான்களை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. திசைப் பொத்தானுக்கு "கொஞ்சம் இடது" என்பது தெரியாது. முழு இடது, அல்லது நேர். மெல்லிய திருப்பம் வேண்டுமென்றால் பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விட வேண்டும். இக்காலக் கண்ட்ரோலரோடு வளர்ந்தவர்கள் இந்தப் பழைய ஆட்டங்களை எடுத்ததும் "வண்டி கட்டுக்கடங்கவில்லை" என்று குறைப்படுவது பெரும்பாலும் இதனால்தான். தட்டி ஓட்டும் பழக்கம் விரல்களுக்கு வந்துவிட்டால் அந்தக் குறை மறைந்துவிடும்.

ஆயுதங்கள்: ஏன் வலிமையானது எப்போதும் நல்லதல்ல

ட்விஸ்டட் மெட்டலின் ஏவுகணைகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வகையின் வடிவமைப்பு தர்க்கம் தெளிவாகும். முதலாவது, எதிரியைத் தானே தேடிச் செல்லும் ஏவுகணை. ஏவிவிட்டு நாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம், ஆனால் அதன் அடி குறைவு. இரண்டாவது நெருப்பு ஏவுகணை. ஓரளவு மட்டும் வளைந்து செல்லும், நடுத்தரமான அடி. மூன்றாவது வல்லேவுகணை, நேர்கோட்டில் மட்டும் போகும், பலத்த அடி. அதாவது, ஓட்டுநர் எவ்வளவு துல்லியமாக வண்டியைத் திருப்பி நிறுத்துகிறாரோ அவ்வளவு சேதத்தை ஆட்டம் அவருக்குச் சம்பளமாகக் கொடுக்கிறது. சோம்பலாக ஏவுகிறவருக்குக் குறைவாகக் கொடுக்கிறது. புதியவர்கள் தேடிச் செல்லும் ஏவுகணையை எதிரி கண்ணில் பட்டவுடன் வாரி இறைத்துவிட்டு, நெருக்கடி வரும்போது வெறுங்கையோடு நிற்பார்கள். அதைத் தப்பி ஓடும்போதும் எதிரி வளைவில் மறையும்போதும் பயன்படுத்துவதற்காகச் சேமித்து வைத்து, எதிரி சுவரோரம் சிக்கியோ வேறொருவனோடு மோதியோ நிற்கும் தருணத்தில் வல்லேவுகணையைக் கிட்டே போய் இறக்குவதே சிக்கனமான ஆட்டம்.

பின்னால் போடும் ஆயுதங்கள் வேறொரு வேலையைச் செய்கின்றன. கண்ணிவெடியும், நாம் விரும்பும் நேரத்தில் வெடிக்கச் செய்யும் குண்டும், முதுகு காட்டி ஓடுகிறவருக்கும் தாக்கும் திறனைத் தருகின்றன. குறுகிய சந்துக்குள் எதிரியை இழுத்துச் சென்று, அங்கே ஒன்றைப் போட்டுவிட்டு, அவன் அதன்மீது வரும் நொடியில் பொத்தானை அழுத்துவது நேருக்கு நேர் சுடுவதைவிட மன நிறைவு தரும் வேலை என்பது என் கட்சி.

1996இல் வந்த ட்விஸ்டட் மெட்டல் 2 இதற்கு மேல் ஓர் அடுக்கைச் சேர்த்தது. தானாக நிரம்பும் ஆற்றல் பட்டை ஒன்று திரையில் இருக்கும். திசைப் பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் விரைவாக அழுத்தினால் அந்த ஆற்றலைச் செலவிட்டு எதிரியை உறைய வைக்கலாம், குதிக்கலாம், சற்று நேரம் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். உறைய வைப்பதற்கு இடது, வலது, மேல். கராத்தே வகைச் சண்டை விளையாட்டுகளிலிருந்து எடுத்துக்கொண்ட உத்தி இது. சிக்கல் என்னவென்றால், அதே திசைப் பொத்தான்கள்தான் வண்டியையும் திருப்புகின்றன. ஆகவே இடது, வலது என்று தட்டும்போது வண்டியின் மூக்கும் ஒரு கணம் ஆடும். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, எதிரி சற்றே விலகியிருக்கும்போதே வரிசையைத் தொடங்கி, கடைசி அழுத்தத்தில் மூக்கு அவனை நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்த எதிரி சில நொடிகள் அசைய முடியாது. அதற்குள் வல்லேவுகணையை இறக்கிவிடலாம். இந்த ஒரு கூட்டணியைக் கற்றுக்கொண்டாலே முதல் சில களங்களைக் கடந்துவிட முடியும்.

எந்த வண்டியை எடுப்பது

ஒவ்வொரு வண்டிக்கும் வேகம், கவசம், திரும்பும் திறன், தனி ஆயுதம் என்று நான்கு தன்மைகள் உண்டு. ஒன்றில் மிஞ்சியது மற்றொன்றில் குறைந்திருக்கும். தனி ஆயுதம் அந்த வண்டிக்கு மட்டுமே உரியது. சிறிது நேரம் காத்திருந்தால் தானாக மீண்டும் நிரம்பும். ட்விஸ்டட் மெட்டல் 2இல் தொடக்கத்திலேயே 12 வண்டிகள் கிடைக்கும், இன்னும் இரண்டு மறைந்திருக்கும். ஸ்பெக்டர் என்ற காரின் ஆவி ஏவுகணை சுவர்களை ஊடுருவிச் சென்று எதிரியைத் தேடிப் பிடிக்கும். மிஸ்டர் ஸ்லாம் என்ற கட்டுமான இயந்திரம் எதிரியின் வண்டியைத் தூக்கித் தரையில் அறையும். இரண்டு பிரம்மாண்டமான சக்கரங்களுக்கு நடுவே கைகள் பூட்டப்பட்ட மனிதனான ஆக்சல், அந்த ஆட்டத்தின் அட்டையிலேயே நிற்கிறான்.

மிஸ்டர் கிரிம் என்ற மோட்டார் சைக்கிளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அதன் தனி ஆயுதம் ஆட்டத்திலேயே மிகப் பலமான அடிகளில் ஒன்று. அதைக் கேள்விப்பட்டே பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் கவசமோ பெயரளவுக்குத்தான். கையில் களத்தின் வரைபடமும் காலில் திருப்பத்தின் நிதானமும் இல்லாதவர் அதில் ஏறினால், எரிவதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. மறுபக்கம், வார்ட்ஹாக் போன்ற கனத்த ராணுவ வண்டிகள் அடி தாங்கும். ஆனால் திரும்புவதற்குச் சோம்பும். புதியவருக்கு நடுத்தரமான ரோட்கில் காரையோ, சுவருக்கு அப்பாலிருந்தும் தாக்கும் ஸ்பெக்டரையோ பரிந்துரைப்பேன். இலகுவான வண்டியை ஓட்டுகிறவர் சடுகுடுவில் பாடிப் போகிறவரைப் போல ஆட வேண்டும்: உள்ளே போய், ஒருவனைத் தொட்டு, சூழ்ந்துகொள்வதற்குள் கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

திரும்பிவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் காலத்து ஆட்டங்களில் கணினி ஓட்டும் எதிரிகள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்வது போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் மனித ஆட்டக்காரரைத் தேடி வருவதிலேயே குறியாக இருப்பார்கள். களத்தின் நடுவில் நிற்கிறவரை நாலாபுறமிருந்தும் சூழ்ந்துகொள்வார்கள். விளிம்பில் ஓடுகிறவருக்கு ஒரு பக்கமாவது சுவர் காவலாக இருக்கும்.

களம் என்ற நான்காவது ஆயுதம்

ஓட்டுநர், வண்டி, ஏவுகணை ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக வெற்றியைத் தீர்மானிப்பது களம். ட்விஸ்டட் மெட்டல் 2 உலகப் பயணமாக அமைக்கப்பட்டிருப்பதால் லாஸ் ஏஞ்சலஸ், மாஸ்கோ, பாரிஸ், அமேசான் காடு, அண்டார்டிகா, ஹாலந்து, நியூயார்க், ஹாங்காங் என்று எட்டு இடங்களில் சண்டை நடக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஓட்டச் சொல்கிறது. ஹாலந்து, காற்றாலைகள் நிற்கும் பரந்த வயல்வெளி. ஒளிய இடமில்லை, தொலைவிலிருந்து தேடிவரும் ஏவுகணைகளே அங்கே அரசாள்கின்றன. நியூயார்க்கில் கட்டடங்களின் மொட்டைமாடிகளில் சண்டை. விளிம்பைத் தாண்டினால் உயிர்ப்பட்டை எவ்வளவு இருந்தாலும் கதை முடிந்தது. அண்டார்டிகாவில் ஆட்டம் நீள நீளப் பனிப்பாறையின் துண்டுகள் உடைந்து விழுந்து, நிற்கும் இடமே சுருங்கிக்கொண்டு வரும். மாஸ்கோவோ சிறிய மூடிய வளையம். அங்கே ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

பாரிஸ் களத்தைச் சற்று நெருக்கமாகப் பார்க்கலாம். முதலில் தெருக்களில் சுற்றிவரும்போது அது சாதாரண நகரக் களமாகவே தோன்றும்: மூலை திரும்பினால் எதிரி, அடுத்த மூலையில் பழுதுபார்ப்புப் பொருள். ஈஃபில் கோபுரத்தின் மேலே ஏற வழி இருக்கிறது என்பதை ஆட்டம் சொல்லித் தருவதில்லை. ஏறிப்போய், அங்கே நாம் வெடிக்கச் செய்யும் குண்டு ஒன்றை வைத்து வெடித்தால், கோபுரத்தின் மேற்பகுதி சரிந்து சுற்றியுள்ள கட்டடங்களின் கூரைகளுக்குப் பாலமாக விழுகிறது. அதுவரை கண்ணில் படாமல் இருந்த ஒரு தளம் முழுவதும் அந்த நொடியில் திறந்துகொள்கிறது. கூரைமேல் இருக்கும் ஆயுதங்களை அள்ளிக்கொண்டு, கீழே அலையும் எதிரிகளை மேலிருந்து பார்த்துத் தாக்கலாம். 1996ஆம் ஆண்டின் கன்சோலில், வெறும் அலங்காரமாக நின்ற ஒரு நினைவுச்சின்னத்தை ஆட்டக்காரர் தன் கையால் உடைத்து வழியாக்கிக்கொள்ள முடிந்தது என்பது அன்று சிறிய செய்தியல்ல. இவ்வகை ஆட்டங்களில் ஒரு களத்துக்குள் நுழைந்தவுடன் சண்டையைத் தேடாமல், விளிம்போடு ஒரு முறை சுற்றிவந்து, எங்கே ஏற்றம் இருக்கிறது, எந்தச் சுவர் உடைகிறது, உயிர்ப்பட்டையை நிரப்பும் பொருள் எங்கே மீண்டும் மீண்டும் தோன்றுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய கன்சோலின் குறைகள் எப்படி விளையாட்டை வடிவமைத்தன

பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட்; படத்துக்கான நினைவகம் 1 மெகாபைட்; செயலியின் வேகம் 34 மெகாஹெர்ட்சுக்கும் சற்றுக் குறைவு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீளும் திறந்த நகரத்தை அந்த நினைவகத்தில் அடைக்க முடியாது. மூடிய களம், சில வண்டிகள் மட்டும், தொலைவில் மூடுபனியோ இருட்டோ என்ற இந்த வகையின் அடையாளங்கள் வன்பொருளின் நெருக்கடிக்குப் பொருந்திய தீர்வுகள். ஆனால் அவையே சண்டைக்கும் நன்மை செய்தன. எதிரி எப்போதும் சில நொடித் தொலைவிலேயே இருக்கிறான். மூடுபனிக்குள்ளிருந்து ஏவுகணை சீறிவரும்போது கிடைக்கும் பதற்றம், எல்லாம் தெளிவாகத் தெரியும் புதிய ஆட்டங்களில் கிடைப்பதில்லை.

சாலையும் சுவரும் நெளிவதுபோலத் தோன்றுவதைக் கண்டு டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஒரு பரப்பின்மீது படத்தை ஒட்டும்போது தொலைவுக்கு ஏற்ப அதைச் சரியாகச் சுருக்கும் கணக்கை அந்த இயந்திரம் செய்வதில்லை; முனைகளின் இடத்தையும் முழு எண்களாகவே கணக்கிடுகிறது. அதனால் வண்டி நகரும்போது ஓரங்கள் நடுங்கும், கிட்டே இருக்கும் சுவர் வளையும். எல்லாப் பிளேஸ்டேஷன் ஆட்டங்களுக்கும் உரிய இயல்பு அது.

நின்டெண்டோ 64 வேறு வகையில் தன் பங்கைச் செய்தது. அதில் நான்கு கண்ட்ரோலர்களுக்கான துளைகள் கன்சோலிலேயே இருந்தன. லக்ஸோஃப்ளக்ஸ் உருவாக்கி ஆக்டிவிஷன் 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட விஜிலான்டி 8, அடுத்த ஆண்டு நின்டெண்டோ 64க்கு வந்தபோது, திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ள முடிந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் நடப்பதாக அமைந்த ஆட்டம் அது. தேனீக் கூட்டத்தை ஏவிவிடும் பிக்கப் வண்டி உட்பட, அதன் தனி ஆயுதங்களில் நையாண்டி அதிகம். வண்டிகளின் எடையும் ஸ்பிரிங் ஆட்டமும் ட்விஸ்டட் மெட்டலைவிட நிஜத்துக்கு நெருக்கமாக இருப்பதால், மேட்டில் ஏறித் தாவும்போது மூக்கு மேலே போய்விடும், குறி தவறும். ட்விஸ்டட் மெட்டலில் பழகிய கை இங்கே மீண்டும் ஒரு முறை பழக வேண்டும். 1999இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் வண்டிக்கு மிதவையும் பனிச்சறுக்குப் பலகையும் பொருத்தி, நீரிலும் பனியிலும் ஓட்டலாம்.

பிரித்த திரையில் ஆடும்போது எதிராளியின் பாதித் திரையையும் நாம் பார்க்க முடியும் என்பது விதிமீறலா, சாமர்த்தியமா என்பது நெடுங்கால வழக்கு. ஒரே அறையில், ஒரே தொலைக்காட்சியில் ஆடுகிறவர்கள் அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே அதை ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்வது நல்லது. எதிராளி எந்த மூலையில் இருக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்க்கத் தெரிந்தவர், தன் திரையும் பார்க்கப்படுகிறது என்பதை அறிந்து, போக்குக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பவும் கற்றுக்கொள்வார்.

இன்று ஆடுவதற்கு

பழைய டிஸ்க் கையில் இருந்தால், முதல் பிளேஸ்டேஷனைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் 2, பிளேஸ்டேஷன் 3 இரண்டுமே முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளை ஏற்கும். ஆனால் பிளேஸ்டேஷன் 2இல் அவற்றை ஆடும்போது, ஆட்டத்தைச் சேமிக்க முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டுதான் வேண்டும். 2க்கு உரிய கார்டு உதவாது. முதல் ட்விஸ்டட் மெட்டல் மெமரி கார்டையே கேட்பதில்லை. களத்தைக் கடந்ததும் அது காட்டும் கடவுச்சொல்லைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்க் வாங்கும் முன் அது எந்தப் பகுதிக்கு உரியது என்று பார்ப்பது முக்கியம். வட அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் உரியவை என்டிஎஸ்சி (NTSC) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். ஐரோப்பாவுக்கு உரியவை பால் (PAL) என்ற முறையில் 50 முறை. பால் பதிப்புகள் பலவற்றில் வேகம் சரிசெய்யப்படாததால் ஆட்டமே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அனுபவமுள்ளவர்கள் அமெரிக்கப் பதிப்பைத் தேடுவதன் காரணம் இதுவே. பிற பகுதியின் டிஸ்க்கை மாற்றம் செய்யப்படாத கன்சோல் ஏற்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் தொலைக்காட்சி பால் முறையில் அமைந்திருந்ததால், வெளிநாட்டிலிருந்து வந்த என்டிஎஸ்சி கன்சோலைப் பழைய தொலைக்காட்சியில் இணைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதுண்டு; அது கன்சோலின் பழுது அல்ல.

புதிய தட்டைத் தொலைக்காட்சியில் இணைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. பழைய கன்சோலின் படத்தைத் தன் அளவுக்கு மாற்றிக்கொள்ளத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் நேரம், பொத்தானை அழுத்துவதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு தாமதமாக வந்து சேரும். குறிவைப்பதே திருப்புவதாக இருக்கும் விளையாட்டில் இந்தத் தாமதம் மற்ற விளையாட்டுகளைவிட அதிகமாக வலிக்கும். தொலைக்காட்சியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கிவிட வேண்டும். பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சி எங்காவது கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பழைய நின்டெண்டோ 64 கண்ட்ரோலரை வாங்குகிறவர்கள் நடுவில் உள்ள குச்சி தளர்ந்து ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். தேய்ந்த குச்சியோடு வண்டியை நேராக ஓட்டுவதே பெரும்பாடு.

பழைய பொருள்களைத் தேட விரும்பாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ட்விஸ்டட் மெட்டலின் முதல் இரண்டு பாகங்களும் 2023 ஜூலையில் பிளேஸ்டேஷன் 4, 5 கன்சோல்களில், பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் உயர்நிலை வகுப்பில் மீண்டும் கிடைக்கத் தொடங்கின. அந்தப் பதிப்புகளில் ஆட்டத்தைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டித் தவற்றைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. உறைய வைக்கும் வரிசையைப் பழகுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, பிறகு அதை மறந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் விளிம்பில் ஓடும் நிதானம் ஒருபோதும் வராது.

எந்த வரிசையில் ஆடுவது என்று கேட்பவர்களுக்கு, முதலில் ட்விஸ்டட் மெட்டல் 2, அடுத்து விஜிலான்டி 8 என்று சொல்வேன். 1995இன் முதல் பாகம் வரலாற்று ஆர்வத்துக்காகப் பார்க்க வேண்டியது, ஓட்டம் கரடுமுரடானது. சிங்கிள்டிராக், பிளேஸ்டேஷனின் நிறுவனமான சோனியை விட்டு விலகிய பிறகு, 1998இலும் 1999இலும் 989 ஸ்டூடியோஸ் உருவாக்கிய மூன்றாம், நான்காம் பாகங்களில் வண்டிகள் எளிதில் குடைசாய்கின்றன. களங்களிலும் பழைய குறும்பு இல்லை. தொடங்குகிறவர் அவற்றைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். பழைய குழுவினர் சிலர் இன்காக்னிட்டோ என்ற பெயரில் ஒன்றுகூடி 2001இல் பிளேஸ்டேஷன் 2க்குச் செய்த ட்விஸ்டட் மெட்டல்: பிளாக், இந்த வகையில் மிகவும் வேகமானதும் மிகவும் கூர்மையானதும் ஆகும், திருப்பமும் குறியும் கைக்கு வந்த பிறகு எடுத்தால்தான் அதன் அருமை தெரியும். அதன் கதைமாந்தர்கள் மனநலக் காப்பகத்திலிருந்து வருகிறவர்கள், காட்சிகள் கொடூரமானவை, அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது என்று தரப்படுத்தப்பட்டது. ஆகவே சிறுவர்களோடு சேர்ந்து ஆட நினைப்பவர்கள் விஜிலான்டி 8இன் தேனீ வண்டியோடு நின்றுகொள்ளலாம்.